கல்லாற்றுப் புழு

மீனின் செவுளில் ஒட்டிப் பிழைக்கும் ஒரு புழுவுக்காக யாராவது தன் டாக்டர் பட்டத்தைப் பணயம் வைப்பார்களா? இசக்கிசெல்வி வைத்தாள்.

கல்லாற்றுப் பரல் மீனிலும் வெள்ளாயணி ஏரிப் பரல் மீனிலும் இருப்பது ஒரே புழு என்று முப்பது வருஷத்துக்கு முன் எழுதிப் பேர் வாங்கியவர் அவளுடைய கைடு அனந்தபத்மநாபன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். செவுளைப் பற்றும் கொக்கிகூட மயிரிழை மாறாது. ஆனால் இசக்கிசெல்வி இரண்டு இடத்திலும் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தானே பிடித்த மீன்களின் புழுக்களில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறு இனம். மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அதே பதில். அதை எழுதிய அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்தால்தான் கையெழுத்து என்று கைடு ஒற்றைக் காலில் நின்றார்.

"எடுக்க மாட்டேன் சார். நீங்களே சாம்பிள் தாங்க. எந்த மீனுன்னு சொல்லாண்டாம், நான் சொல்றேன்."

வம்பை விலைக்கு வாங்கினாள் என்றுதான் லேபில் எல்லோரும் நினைத்தார்கள். அட்டெண்டர் வேதமாணிக்கம் இரண்டு இடத்து லேபிளும் ஒட்டி மீன் கொண்டுவந்தார். கைடு தன் கையால் புழுக்களை எடுத்துப் பத்துக் குப்பிகளில் போட்டு, நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

பத்து நாளில் முடிவு வந்தது. இசக்கிசெல்வி உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"பத்தும் ஏரிப் புழு சார்."

அனந்தபத்மநாபன் வாய்விட்டுச் சிரித்தார். "அதுல அஞ்சு கல்லாறாக்கும், கேட்டியா! எல்லாம் ஒண்ணுன்னு உன் டிஎன்ஏவே சொல்லிடுத்து. அத்தியாயத்தைக் கிழிச்சுப் போடு."

இசக்கிசெல்வி வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கல்லாத்துல எந்தப் பக்கம் பிடிச்சீங்க?"

"பிடிக்கவா? எனக்கு நீச்சலே அறியாது மோளே. கல்லாத்துக்குப் பக்கத்துல, வித்துரா சந்தையில வாங்கினேன். அங்க வாங்கினா கல்லாறுன்னு லேபிள் எழுதணும்னு சாரு பண்டே சொல்லியிருக்காருல்லா."

"சந்தைக்கு மீனு எங்கேருந்து வருது?"

"வெள்ளாயணி வண்டியிலதான். வேற எங்கேருந்து?"

கைடுக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷத்துக்கு முன்பும் அவர் கல்லாற்றில் கால் நனைத்ததில்லை; அப்போதும் இதே சந்தை மீன்தான். ஒரே ஏரி மீனுக்கு இரண்டு லேபிள் ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒரே புழு என்று எழுதியிருக்கிறார்.

"இந்தப் பேச்சு இங்கேயே இருக்கட்டும்," என்றார், குரல் இறங்கி. "அந்த அத்தியாயம் இல்லாம கொண்டா. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஐந்து வருஷ உழைப்பு. ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"அத்தியாயம் இருக்கும் சார். இந்தப் பத்துக் குப்பியும் அதுல வரும், சந்தைக் கதையோட. நீங்க போடல்லைன்னா கைடு மாத்தணும்னு இன்னைக்கே எழுதிக் கொடுப்பேன்."

வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்குக் காலையில கல்லாத்துக்குப் போறேன். சந்தேகம் இருந்தா நீங்களும் வாங்க சார். ஆனா தண்ணியில இறங்கணும்."