ஆறாம் லயத்தில் பேய் இல்லை

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஆனந்தி தேயிலை எஸ்டேட்டில் வந்து இறங்கியபோது, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஆறாவதில், அவள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு பெண் தலைமுடியை முகத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். ஒருத்தன் குனிந்தும் நிமிர்ந்தும் அவளைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"யாரு நீங்க? எங்க வீட்டு வாசல்ல என்ன பண்றீங்க?"

போன்காரன் திடுக்கிட்டுத் திரும்பினான். "சாரி சிஸ்டர். இங்க ஆள் இருக்காங்கன்னு தெரியாது. பேய் வீடுன்னு சொன்னாங்க."

அவர்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகுதான் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் திறந்தது. ஆனந்தியின் அம்மா ராமுத்தாய் விளக்குக்கூடப் போடாமல் அவ்வளவு நேரமும் உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த சேலையைக்கூட மாற்றவில்லை.

"என்னம்மா இது?"

"தெனம் வர்றாய்ங்க. நான் வெளிய வந்தா, 'அந்தா பேயி'ன்னு அலறிக்கிட்டுப் போட்டோ எடுக்குறாய்ங்க. அதான் சத்தம் காட்டாம இருந்துக்குறது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பரிச்சைன்னு சொன்னியேடி."

எதைப் பார்த்து இவர்கள் வருகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆனந்திக்கு நேரமாகவில்லை. எஸ்டேட் பேரைத் தட்டியதுமே அந்த வீடியோ வந்து நின்றது. 'ஆறாம் லயத்து ஆவி' என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில், பச்சைக் கதவும் உடைந்த ஓடுமாக அவளுடைய வீடு. கடன் தொல்லையில் ஒரு தொழிலாளி இந்த வீட்டு உத்தரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டானாம். பனி இறங்கினால் வெளியே வந்து, போகிறவர் வருகிறவரிடம் பீடி கேட்பானாம். அவன் யாரிடம் கேட்டானோ அவர்களுக்கு அன்றிரவே காய்ச்சலாம். பின்னால் வயலின் அழுதது, நாய் ஊளையிட்டது. மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் வழியையும் காட்டியிருந்தார்கள்.

சொல்லிக்கொண்டு போன குரலை அவளுக்குத் தெரியும். பாண்டீஸ்வரன். நாலாம் லயத்தில் வளர்ந்தவன். அவள் பள்ளிக்கூடம் போகும்போது காட்டு வழியில் துணைக்கு வந்தவன். இப்போது அவனுடைய சேனலுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள்.

அவள் அப்பா நல்லமுத்து தூக்குப் போட்டுச் சாகவில்லை. பேக்டரி வேலைக்குப் போகிற வழியில், விடிகாலைப் பனியில், வளைவில் நின்ற ஒற்றை யானை தெரியாமல் நேரே அதன் காலடியில் போய் விழுந்தார். கம்பளியில் சுற்றி அவரைத் தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரில் ஒருத்தன் பாண்டி. அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து, ஆனந்தியைவிட அதிகமாக அழுதவனும் அவன்தான்.

அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினாள். பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

லீவு முடிந்து, பாலக்காட்டுப் பக்கம் தான் படிக்கிற காலேஜுக்கு ஆனந்தி திரும்பியபோது, நோட்டீஸ் போர்டில் அதே பாண்டி சிரித்துக்கொண்டிருந்தான். அவள் படிப்பது மாஸ் கம்யூனிகேஷன், இரண்டாம் வருஷம். டிபார்ட்மென்ட் விழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். 'தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கதைசொல்லி' என்று போட்டிருந்தது.

"இவனையா? கதைசொல்லியா?" என்று அவள் அங்கேயே கத்தினாள்.

கூட இருந்த பத்மப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண். ஆனந்தியோடு ஒரே பெஞ்ச். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மாவ நெனச்சா கஷ்டமாத்தான்டி இருக்கு. ஆனா இதெல்லாம் பொழுதுபோக்குதானே? யாரு நெஜம்னு நம்பப் போறா?" என்றாள்.

"நம்பாதவங்கதான் ஜீப் புடிச்சு வந்து எங்கம்மாவப் பாத்து அலறுறாங்களா?"

"பேய்க் கதை நீயும்தான் கேப்பே. ஹெட்போனப் போட்டுண்டு ராத்திரி முழுக்கக் கேப்பே."

"கேப்பேன். பேய் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இல்லாத ஒரு ஊர உண்டாக்கி, அதுல பத்துப் பேய விடட்டும், நானே லைக் போடுறேன். இவனுக்கு ஒரு வீட்டக்கூடச் சொந்தமா கற்பன பண்ணத் துப்பில்லடி. எங்கூட்டத் தூக்கிட்டுப் போயிட்டான். வெள்ளம் வந்தா ஒரு மியூசிக், சாவு வீட்டுக்கு ஒரு மியூசிக், பசிச்சவன் சாப்பிட்டா ஒரு மியூசிக். எல்லாத்துக்கும் ரெடியா வச்சிருக்கானுங்க. அதப் போட்டுட்டா போதும், உள்ள இருக்குறது மனுசன்னே யாருக்கும் தோணாது. நம்ம சார் இதத்தான் கன்டென்ட்டுன்னு கிளாஸ் எடுக்குறாரு, நாமளும் எழுதி மார்க் வாங்குறோம்."

பத்மப்ரியா நோட்டீஸ் போர்டை இன்னொரு தடவை பார்த்தாள்.

விழா அன்று ஹாலில் உட்கார இடமில்லை. பாண்டி நன்றாகப் பேசினான். லயத்தில் கரண்ட் இல்லாத நாட்களைச் சொன்னான், முதல் போன் வாங்கியதைச் சொன்னான். "நம்ம மண்ணோட கதைய நாமதான் சொல்லணும்" என்றபோது கைதட்டல் அடங்கவே இல்லை. அவனுக்குப் பின்னால் திரையில் அவன் வீடியோக்கள் ஒவ்வொன்றாக ஓடின. ஆறாம் லயத்துப் பச்சைக் கதவும் வந்து போனது.

கேள்வி நேரத்தில் ஆனந்தி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"பாண்டியண்ணே, என்னத் தெரியுதா?"

அவன் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே மலர்ந்தது. "அட, நம்ம எஸ்டேட்டுப் பிள்ள!" ஹால் கைதட்டியது.

"ஆறாம் லயத்துல தூக்குப் போட்டுச் செத்தது யாருண்ணே?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏற்கெனவே பேசி வைத்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். "அது சஸ்பென்ஸும்மா" என்றான் பாண்டி.

"அந்த வீட்டுல எங்கம்மா இருக்கு. அது சஸ்பென்ஸா? எங்கப்பன யானை மிதிச்சிச்சு. நீ தூக்கிட்டு வந்த. ஒஞ்சட்டையெல்லாம் ரத்தம். எங்கம்மாதான் அதத் தொவச்சுக் குடுத்துச்சு. அது கதையா ஒனக்கு?"

சிரிப்பு நின்றது. அதற்குப் பதிலாக, வரிசை வரிசையாகப் போன்கள் உயர்ந்தன. அத்தனையும் அவள் முகத்துக்கு நேராக. ஆனந்திக்கு உடம்பு முழுக்க எரிந்தது. "போன எறக்குங்க! நான் ஒங்களுக்காகப் பேசல!" ஒருத்தர்கூட இறக்கவில்லை. பத்மப்ரியா மட்டும் பக்கத்தில் இருந்தவன் போனைக் கையால் மறைத்தாள். அவன் எட்டி நகர்ந்து எடுத்தான்.

"நான் யாரு பேரயும் சொல்லலம்மா," என்றான் பாண்டி, குரலைத் தாழ்த்தி. "கீழ கற்பனைன்னு போட்டிருக்கேன்."

"வீட்டக் காட்டுன. வழியக் காட்டுன. பேர மட்டும் சொல்லலயா?"

அப்போதுதான் அவனுக்கும் கோபம் வந்தது. "யானை மிதிச்சுச் செத்தவங்களப் பத்தி நான் முதல்லயே போட்டேன், ஆனந்தி. ஒரு வாரம் அலைஞ்சு எடுத்தேன். ஒங்கப்பா போட்டோவோட போட்டேன். ஒரு நாயும் பாக்கல. நீ பாத்தியா? சொல்லு, நீ பாத்தியா?"

அவள் பார்த்திருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் கோபம் குறையவில்லை.

"பாக்கலண்ணே. யாரும் பாக்கலன்னா எங்கப்பன் இன்னொருக்கா சாகணுமா? அதுவும் கயித்துலயா?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். சார் ஒருத்தர் ஓடிவந்து, "விருந்தாளியை இப்படியா பேசறது? உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. வெளியே போனாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் எல்லாருடைய போனிலும் இருந்தாள். 'பேயின் மகள் ஆவேசம்' என்று ஒருத்தன் தலைப்பு வைத்திருந்தான். அவள் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவள் "அப்பன்" என்று சொல்கிற இடத்தில் அதே வயலினைச் சேர்த்திருந்தார்கள். சிலர் அவளைப் பெண் சிங்கம் என்றார்கள், சிலர் நடிப்பு என்றார்கள். அவள் என்ன கேட்டாள் என்று ஒருத்தரும் பேசவில்லை.

மறுநாள் பாண்டியே கூப்பிட்டான். "நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் சேந்து ஒரு வீடியோ போடுவோம். அம்மாவையும் உக்கார வச்சுப் பேசுவோம். இப்ப இருக்குற சூட்டுக்கு அது எங்கயோ போயிரும். ஜனங்களுக்கும் உண்ம தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

"எங்கம்மாவ அழ வச்சு எடுக்கணும், அதான?"

"நீ ஏன் எல்லாத்தையும் தப்பாவே…"

"அந்த வீடியோவத் தூக்கு. லயத்துக்கு வந்து எங்கம்மா மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லு. கேமரா இல்லாம வா. முடியுமா?"

அவன் போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து வீடியோவைத் தூக்கினான். 'மிரட்டல் காரணமாக நீக்கப்பட்டது' என்று ஒரு வரி போட்டான். அதைப் பார்த்துவிட்டு அவன் ஆட்கள் அவளுக்கு அனுப்பிய வசவுகளைப் படித்து முடிக்க முடியாது. அதற்குள் அந்த வீடியோவை வேறு பலர் எடுத்துத் தங்கள் சேனலில் போட்டிருந்தார்கள். ஜீப்புகள் நிற்கவில்லை.

சனிக்கிழமை ஆனந்தி ஊருக்கு வந்தாள். கொழுந்து எடை போடுகிற கொட்டகைக்கு நேராகப் போய், வரிசையில் நின்ற பெண்களிடம் சொன்னாள். "இன்னைக்கு எங்க வீடு. நாளைக்கு எவனாச்சும் ஒங்க வீட்டுக்குக் கத கட்டுவான். சாயங்காலம் வழியில உக்காரப் போறேன். வர்றவங்க வாங்க." ஒருத்தி, டூரிஸ்ட் வந்தால் தன் மகன் கடையில் நாலு டீ விற்கிறதே என்று முனகினாள். மற்றவர்கள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் ஆனந்தி நினைத்தாள்.

ஆனால் வந்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து, மண்பாதையின் குறுக்கே சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். கடைசியாகப் பாண்டியின் அம்மா வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் ராமுத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராமுத்தாய் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்த பிஜுவை எல்லாருக்கும் தெரியும். "சேச்சி, நான் கொண்டு வரலேன்னா வேற ஆள் கொண்டு வரும். எனக்கு எதுக்கு நஷ்டம்?" என்று அவனுடைய மலையாளத் தமிழில் கெஞ்சினான்.

"அந்த வேற ஆளையும் திருப்பி அனுப்புறோம். நீ மொதல்ல வண்டிய எடு," என்றாள் ஆனந்தி.

பின் சீட்டில் ஒரு பெண் கண்ணாடியை இறக்கி, போனை நீட்டினாள். ஆனந்தி பாய்ந்தாள். அவளுக்கு முன்னால் ராமுத்தாய் எழுந்து ஜீப்புக்குப் பக்கத்தில் போய், முக்காட்டை விலக்கி, போனுக்கு நேரே முகத்தைக் கொடுத்தாள்.

"எடும்மா. நல்லா கிட்டத்துல எடு. நான் நல்லமுத்து பொண்டாட்டி. எம்புருசன யானை அடிச்சிச்சு. தூக்குல தொங்குனான்னு எவன் சொன்னாலும் அவன் வாயி அழுகிப் போகும்னு நான் சொன்னேன்னு போடு."

அந்தப் பெண் போனை இறக்கிவிட்டாள். பிஜு ரிவர்ஸ் எடுத்தான்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் எதுவும் ஆனந்திக்கு வரவில்லை. அம்மா பேசியதையும் அந்தப் பெண் பதிவு செய்திருப்பாள், அதற்கும் ஒரு மியூசிக் போடுவார்கள் என்று நினைத்தபோது, ஒரு கல்லை எடுத்து அந்த ஜீப்பின் பின்னாலேயே எறியலாம் போல இருந்தது. ராமுத்தாய் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஒக்காருடி," என்றாள் மகளிடம். "இன்னும் வருவாய்ங்க."

கீழே வளைவில் அடுத்த ஜீப்பின் சத்தம் கேட்டது. ஆனந்தி அம்மாவுக்கும் பாண்டியின் அம்மாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.