முகத்தில் போட்ட நிழல்

காலை ஏழு மணிக்கே மைத்துனன் போன் செய்துவிட்டான்.

"மாமா, திங்கக்கிழமை வர்றீங்களா இல்லையா? போர்டு எழுத வேற ஒருத்தன் கேட்டுட்டு இருக்கான்."

"இன்னைக்கு ஷூட்டிங் முடியட்டும்டா."

"பன்னெண்டு வருஷமா ஏதோ ஒண்ணு முடியட்டும்னுதான் சொல்றீங்க."

அதில் பொய் இல்லை. மனைவியின் தம்பி கடையில் பெயர்ப் பலகை எழுதுவது கேவலமும் இல்லை. ஆனால் நாற்பத்து மூன்று வயதில் அங்கே போய் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டான். அது அவனுக்குத் தெரியும்.

ஓவியம் படித்தவன். ஒரு நாடகக் குழுவுக்குப் படுதா வரையப் போனான். ஒத்திகை நடக்கும்போதெல்லாம் பின்னால் நின்று வண்ணம் பூசியதில் எல்லோருடைய வசனமும் மனப்பாடம் ஆகிவிட்டது. கிழவன் வேடக்காரர் காலை உடைத்துக்கொண்ட அன்று இவனை மேடையில் தள்ளினார்கள். முப்பத்தொரு வயது முகத்தை எழுபதாக்க அவன் அறிந்த வழி ஒன்றுதான். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து, மறுபக்கம் நிழல் போடுவது. கடைசி வரிசைக்கும் கன்னக்குழி தெரிந்தது. அப்புறம் கிழவன், நோயாளி, பைத்தியம் எல்லாம் அவன்தான். குழுவில் அவனுக்குப் பெயர் 'பிரஷ்'. போன வருடம் குழுவை இழுத்து மூடிவிட்டார்கள்.

இன்று சினிமாவில் ஒரே ஒரு காட்சி. மருத்துவமனை நடைபாதை. மகன் செத்துவிட்டான் என்று டாக்டர் வந்து சொல்வார். அப்பாவுக்கு வசனம் கிடையாது, முகம் மட்டும்தான். மேடையில் அவனைப் பார்த்த இயக்குநர் தானாகக் கூப்பிட்டுக் கொடுத்தது. இது சரியாக வந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். வராவிட்டால் திங்கட்கிழமை.

மேக்கப்காரர் கொஞ்சம் பவுடர் ஒற்றிவிட்டு நகர்ந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணே. நீங்க கை வைக்காதீங்க, மிச்சத்தைக் கேமரா பாத்துக்கும்."

நாலு மணி நேரம் ஓர் அறையில் காத்திருந்தான். எதிரே கண்ணாடி. அதில் இருந்தது மகனைப் பறிகொடுத்தவன் முகம் இல்லை, டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்று அலுத்தவன் முகம். பயம் வந்துவிட்டது. பையிலிருந்து பழைய வண்ணப் பெட்டியை எடுத்தான். ஜன்னல் இடது கைப்பக்கம் இருந்தது. வலது கன்னத்தில் சாம்பல் நிறம், கண்ணுக்குக் கீழே பழுப்பு, மெல்லியதாக இரண்டு கோடு. அருமையான வேலை. திருப்தியாகப் பெட்டியை மூடினான்.

நடைபாதையில் பெரிய விளக்கை வலது பக்கம் நிறுத்தியிருந்தார்கள்.

கேமராமேன் நிமிர்ந்து பார்த்தார். "இவர் மூஞ்சிக்கு மட்டும் ரெண்டு சூரியனா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெளிச்சம் அடிக்கும் கன்னம் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது.

"நான் இல்ல சார்," என்றார் மேக்கப்காரர் முந்திக்கொண்டு.

"நான்தான் சார். நாடகத்துல இப்படித்தான்..."

துடைத்தார்கள். மேடை வண்ணம், லேசில் போகாது. போனபோது தோலும் கொஞ்சம் சேர்ந்து போயிருந்தது. கன்னம் சிவந்து வீங்கிவிட்டது.

"மகன் செத்த மாதிரி இல்ல சார், மகன் அறைஞ்ச மாதிரி இருக்கு," என்றான் உதவி இயக்குநர்.

"சார், அரை மணி நேரம் குடுங்க. வீக்கம் வடிஞ்சிரும். கால்ல வேணா விழறேன் சார்."

இயக்குநர் கெட்டவர் இல்லை. "அஞ்சு மணிக்கு இடத்தைக் காலி பண்ணணும்ணே. டாக்டர் முகத்துல எடுத்துக்கறேன். நீங்க முதுகைக் காட்டி நில்லுங்க, போதும்."

கேமரா அவனுக்குப் பின்னால் போனது. டாக்டராக நடித்தவன் எதிரே வந்து நின்றான்.

"காப்பாத்த முடியலைங்க."

நாலு மணி நேரம் கண்ணாடியில் தேடியது அப்போது வந்தது. தாடை தளர்ந்தது. கண் நின்ற இடத்திலேயே நின்றது. வாய் எதையோ சொல்லப் போய்ப் பாதியில் விட்டுவிட்டது. எதிரே நின்றவன் அதைப் பார்த்து அடுத்த வசனத்தை மறந்தான்.

"கட். என்னப்பா, வசனத்தை முழுங்கிட்ட?"

"சார், இவர் முகத்தைப் பாருங்களேன்..."

"அவர் முகம் ஃபிரேம்லயே இல்ல. நீ உன் வசனத்தைச் சொல்லு."

இரண்டாவது முறை அவன் தன் முகத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. முதுகைக் காட்டிச் சும்மா நின்றான். அதுதான் ஓகே ஆனது.

படியில் உட்கார்ந்து போன் செய்தான்.

"கடை எத்தனை மணிக்குடா தொறப்ப?"

"எட்டு," என்றான் மைத்துனன். "படத்துல இருக்கீங்கல்ல மாமா?"

"இருக்கேன். அந்த வேற ஆளை வர வேண்டாம்னு சொல்லிடு."