பக்கவாசல் திரை

கறுப்புத் திரை ஒரு சாண் அகலத்துக்கு விலக, அந்த இடுக்கில் கத்தி போல வெளிச்சம் நுழைந்து என் முகத்தில் விழுகிறது, வெளிச்சத்துக்குள் யாரோ ஒருவன் மழையில் மண்டியிட்டு அழுகிறான், அம்மாவின் ஒரு கை என் தலைக்கு மேல் திரையைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கையில் விளக்குமாறு, சத்தம் போடாமப் பாருடா, டிக்கெட் கிழிக்கிற குருசாமி கண்டா டார்ச் அடிச்சு வெளிய தள்ளீருவான். எதுக்கும்மா அழுகுறான். படம் முடியப் போகுதுல்ல, அதான். முதல்ல என்னம்மா ஆச்சு. முதல் எதுக்குடா நமக்கு, கூட்டுறவளுக்கு முடிவுதான்.

அப்படித்தான் நான் சினிமா பார்த்தேன், ஆட்டம் விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கூட்டுபவர்கள் பக்கவாசலில் வந்து நிற்க வேண்டும், கூட்டம் வெளியேறியதும் அடுத்த ஆட்டத்துக்குள் கடலைத்தோலும் முறுக்குத்தூளும் காணாமல் போக வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு நேரே தியேட்டருக்கு ஓடுவேன், மாட்னியின் கடைசிக் காட்சி கிடைக்கும், எத்தனையோ வில்லன்கள் சாவதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள் என்று தெரியாது, கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன், காதலைப் பார்த்ததில்லை, இன்றைக்கும் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, ஜன்னலில் துண்டைக் கட்டிவிட்டுப் பகலில் படுத்தால், துண்டின் ஓரத்தில் அதே கத்தி நுழைகிறது, அரைத்தூக்கத்தில் யாரோ மண்டியிட்டு அழுகிறான், அது அந்த நடிகனா, நானா, போர்வையை இழுத்து மூடினாலும் போவதில்லை.

சீட்டுக்கு அடியில் கிடந்த வாரப் பத்திரிகைகளை அம்மா வீட்டுக்குக் கொண்டு வருவாள், படம் போடும்வரை படித்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள், தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வாரம் பார்த்து அடுக்கி, கோணி ஊசியால் தைப்பாள், சில வாரம் யாரும் விட்டுப் போக மாட்டார்கள், அந்த வாரம் ஓட்டைதான், ஓட்டையை நாங்கள் சண்டை போட்டு நிரப்புவோம். அந்த டீச்சர் ரயிலேறிப் போயிருப்பா. இல்லம்மா, அவதான் கைக்குழந்தையோட இருந்தாளே. அதையும் தூக்கிட்டுத்தாண்டா போயிருப்பா, உங்கப்பனா அவ, விட்டுட்டுப் போக. அப்பா லாரியில் கிளீனராகப் போனவர், அந்த லாரி திரும்பி வந்தது. அம்மா அஞ்சாவது வரை படித்தவள், விரலை வைத்து எழுத்தெழுத்தாய்ப் படிப்பாள், அவள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் அதே பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டு, அவள் விரல் நகரக் காத்திருப்பேன். எனக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் அதுதான், அட்டை கிடையாது, எழுதியவர் பேர் கூட மடிப்பில் போய்விட்டது, சாக்கு வாசனை அடிக்கும்.

கல்லூரியில் அதைத்தான் எழுதினேன், ஆண்டு மலருக்கு, எனக்குப் பிடித்த நூல்களும் படங்களும் இதழ்களும் என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள், ஞானவடிவேல் ஐயாதான் தமிழ்த்துறை, மலருக்கும் அவர்தான் பொறுப்பு, வாங்கிப் பார்த்துவிட்டு, நடை நல்லாருக்கு தம்பி, கொஞ்சம் மெருகேத்துறேன், போ, என்றார். நம்பிப் போனேன். முதல் பரிசு என்று அறிவித்தார்கள், அம்மா தியேட்டரில் லீவு சொல்லிவிட்டு, நீலச் சேலை கட்டிக்கொண்டு விழாவுக்கு வந்தாள், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பக்கவாசல் எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வாள், அன்றும் பார்த்தாள், பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வாசலிலேயே மலர் கொடுத்தார்கள், அவள் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினாள், நானும் நின்றபடியே பிரித்தேன். என் தந்தையாரின் நூலகத்தில், தேக்கு அலமாரிகளின் நிழலில், அவர்தம் மடியில் அமர்ந்து காப்பியச் சுவை பருகினேன், மலிவான திரைப்படங்கள் என்னை ஈர்த்ததில்லை. கீழே என் பெயர்.

மேடைக்குப் பின்னால் போய், இது நான் எழுதினது இல்லய்யா, என்றேன். அவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே, பரிசு வேணுமா வேண்டாமா தம்பி, கூட்டுறது, பெருக்குறது, பாதிப் படம், கிழிஞ்ச பத்திரிகை, இதெல்லாம் மலர்ல வரலாமா, உங்கம்மாவுக்குத்தானே அசிங்கம், என்றார். அசிங்கம்னு எங்கம்மா சொல்லுச்சாய்யா. சின்னப் பையன், உனக்குப் புரியாது. அவர் எங்களை இரக்கத்தோடு அழித்திருந்தார், திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், இந்த இரக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். திரும்பி அம்மாவிடம் ஓடினேன், அவள் விரல் அந்தத் தேக்கு அலமாரியின் மேல் நின்றிருந்தது. எந்த வீட்டுலடா நாம இருந்தோம். அம்மா, அது வந்து. உங்கப்பன் மடியா, அந்த மடியில அவன் வெத்தலப் பை கூட ஒழுங்கா தங்குனதில்லயேடா. அம்மா, கேளு. என்னய எழுத வெக்கமா இருந்தா முன்னாடியே சொல்லிருக்கலாம்ல, நான் வந்திருக்க மாட்டேன்ல. அவள் அழவில்லை, மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டாள், நான் வாயைத் திறந்தேன், மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று மேடையில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், அது அடுத்த வாரம், எழுத மாட்டேன் என்றேன், அப்படியானால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்றார்கள், சரி என்று மில்லுக்குப் போய்விட்டேன், படிப்பைக் கெடுத்துக்கொண்டவன் என்று தெருவில் பேசுகிறார்கள், பேசட்டும், கெடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் பிறகு, இப்போது நான் விழா மேடையில் நிற்கிறேன், கையில் மலர், முதல் பத்தியை வாசிக்கச் சொல்கிறார்கள், மலரை மூடுகிறேன். எனக்குப் பிடித்த படங்களுக்கெல்லாம் முதல் பாதி கிடையாது, என்கிறேன், எனக்குப் பிடித்த தொடர்கதைக்கு ஏழாவது வாரம் கிடையாது, அந்த வாரத்தை, என்னும்போது மைக் செத்துப் போகிறது. நிறுத்தவில்லை. முன்வரிசை சிரிக்கிறது, பின்னால் விசில் அடிக்கிறார்கள், டேய், படத்தப் போடுங்கடா, என்று ஒருவன் கத்துகிறான், ஞானவடிவேல் ஐயா என் முழங்கையைப் பிடித்து, வா தம்பி, வா, என்று பல்லுக்குள் சொல்லியபடி மேடையோரத்துக்கு இழுக்கிறார், கடைசி வரிசையைப் பார்க்கிறேன், அங்கே நாற்காலி காலியாக இருக்கிறது, போய்விட்டாள், எதுவும் கேட்காமலே போய்விட்டாள், என் வாய் மட்டும் அசைந்துகொண்டிருக்கிறது, அப்போது மேடையோரப் பக்கவாசலின் திரை விலகுகிறது.

ஒரு சாண் அகலத்துக்கு இல்லை. முழுவதும் விலகுகிறது, வெளியே இருந்த வெயில் மொத்தமும் மேடையில் வந்து விழுகிறது, திரையை உயர்த்திப் பிடித்த கையும் நீலச் சேலையும் அதற்குள் நிற்கின்றன, ஐயா, கைய எடுங்க, என்கிறாள், அவர் எடுத்துவிட்டார், ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, என்னை நம்பிவிட்டதாக எந்த அடையாளமும் இல்லை. என்னமோ சொன்னியே, அங்கிட்டு ஒண்ணும் கேக்கல, மைக்கு இல்லாட்டிப் போகுது, சத்தமாச் சொல்லு. எதும்மா. எல்லாத்தையும்தான், முதல்ல இருந்து சொல்லுடா.

எங்கள் அம்மா பேர் வேலுத்தாய், தியேட்டர் கூட்டுகிறாள், என்று கத்தினேன்.