பத்து எண்ணும் வரை

எங்கள் ஊரில் விறகடுப்புக்குப் பின்னால் சுவர் எழுப்பினால் கடைசியில் ஒரு சோதனை உண்டு. அடுப்பு நன்றாகக் கனன்றதும் தச்சன் சுவரில் உள்ளங்கையை வைப்பான். பத்து எண்ணும் வரை கை தாங்கினால் சுவர் தேறிவிட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையாக ஓடும் ஆற்றின் இந்தக் கரையில், முப்பது வருடமாக அந்தக் கை என்னுடையது. தீயணைப்புத் தொண்டர்களுக்கும் நான்தான் தலைவன். அடுப்பை ஒட்டி மரம் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு அக்டோபரிலும் ஊருக்கே உபதேசம் செய்கிற பெரிய மனிதன்.

என் தங்கை கோலெட் கூடத்தில் இரும்படுப்பு வைத்தபோது, அதன் பின்னால் வரும் படுக்கையறைத் தடுப்புச் சுவரை நான்தான் கட்டினேன். உள்ளே தகரச் சட்டம் நிறுத்த வேண்டிய இடம். எனக்குத் தகரம் என்றாலே இளக்காரம். மரச்சட்டம் அடித்து, சிமெண்டுப் பலகை வைத்து, மேலே ஓடு பதித்தேன். பலகைக்குப் பின்னால் காற்றுப் போக ஓர் அங்குலம் விட வேண்டும். அதையும் விடவில்லை.

போன மாதமே அவள் சொன்னாள். "அண்ணே, சுவரு சுடுது. குழந்தை தொட்டில் அந்தப் பக்கந்தான் கிடக்கு."

கை வைத்துப் பத்து எண்ணினேன். "ஒண்ணுமில்ல. உன் கை வெண்ணெய்க் கை."

"உன் கை ரம்பம் புடிச்சுக் காய்ச்சுப்போன கை. அதுக்கு என்ன தெரியும்?"

சிரித்துவிட்டு, அவள் சுட்ட கோதுமை அடையில் நாலைத் தின்றுவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை கருகல் வாடை அடிக்கிறது என்று கூப்பிட்டாள். முதலில் அடுப்பை அணைத்தேன். ஓடுகளைப் பெயர்த்துப் பலகையைக் கழற்றினேன். நடுச்சட்டம் பாதி கரி. விரல் பட்டதும் உதிர்ந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. அங்கிருந்து ஒரு முழம் தள்ளித் தொட்டில்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இதே மாதிரி எத்தன வீட்டுக்குக் கட்டிக் குடுத்த?"

"ஏழு."

"யாராச்சும் சுடுதுன்னு சொன்னாங்களா?"

மூன்று வீட்டில் சொன்னார்கள். மூன்று பேரிடமும் கை வைத்துக் காட்டிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

அந்த வீடுகளைப் பார்க்க நான் புறப்பட்டதும், கோலெட்டும் குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"இந்தப் பனியில நீ எதுக்கும்மா?"

"தொட்டுப் பாக்க ஒரு கை வேணும்ல?"

முதல் வீடு ரெய்னால்ட் பெல்த்தியேயுடையது. பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க தலைவரே. அன்னைக்கு நீங்க கை வச்சுப் பாத்தீங்க பாருங்க, அப்புறந்தான் இவ நிம்மதியாத் தூங்குறா" என்றார்.

கோலெட் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் கை வைத்தாள். வாய்விட்டு எண்ணினாள். நான்கில் கையை எடுத்துவிட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அடுப்ப அணைச்சிருங்க" என்றேன். "உள்ள மரம் வச்சிருக்கேன்."