பின்பலகையின் உயரம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். ஓலாந்துத் தீவுகளில் ஒன்றின் சிறிய பள்ளியில், பிறர் எழுதியதைச் சிவப்பு மையால் திருத்தியே பணி ஓய்வு பெற்றவள் நான். சொந்தமாக ஒரு பக்கமும் எழுதியதில்லை. வாசிப்பவர்களின் நேரத்தை ஒரு துடுப்புப் படகின் பின்பலகைக்காக எடுத்துக்கொள்வது முறையா என்று பலமுறை யோசித்தேன். முறையல்ல என்றே இன்னும் தோன்றுகிறது.

அந்தப் படகு எனக்கும் என் தோழி குன்னேவிக்கும் பொதுவானது. அவளுடைய கணவர் இறந்த ஆண்டில் இருவரும் சேர்ந்து வாங்கினோம். இலையுதிர்காலத்தில் வெண்மீன் கரையை நெருங்கும் வாரங்களில் நான் துடுப்புப் போடுவேன். அவள் வலை இழுப்பாள். படகில் வேறு எவருக்கும் இடமில்லை, வேலையுமில்லை. இடையிடையே ஊராரைப் பற்றிப் பேசுவோம். பெரும்பாலும் ஹெல்கேயைப் பற்றி. பிறர் வலை போடும் இடத்தில் தன் வலையைக் குறுக்கே விட்டுவிட்டுக் காற்றின்மேல் பழிபோடுகிறவன் அவன். "காத்து இந்தப் பக்கம் அடிச்சா வலை எப்படி அந்தப் பக்கம் போச்சாம்? காலு முளைச்சு நடந்துச்சா?" என்பாள் குன்னேவி. நான் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரிப்பேன். பள்ளியிலோ தேவாலயத்திலோ நான் அவ்வாறு சிரித்ததில்லை.

சென்ற குளிர்காலத்தில் என் வலது தோள் பழுதாயிற்று. இனித் துடுப்புப் போடலாகாது என்றார் மருத்துவர். துடுப்புப் போடாத எனக்கு அந்தப் படகில் என்ன வேலை என்ற அச்சம் அன்று தொடங்கியது. எனவே ஓர் எஞ்சின் வாங்கினேன். பழையது, ஆனால் நன்றாக ஓடுவது; நீண்ட தண்டுடையது. எஞ்சினைப் படகின் பின்பலகையில்தான் மாட்ட வேண்டும்; துடுப்புப் படகின் மெல்லிய பலகை அதன் எடையைத் தாங்காது. உட்புறம் உறுதியான கருவாலி மரப் பலகை வைத்துத் தடிப்பாக்க வேண்டும். மேல்விளிம்பை எஞ்சினின் தண்டுக்கேற்ற உயரத்தில் அமைக்க வேண்டும். அளவைக் குன்னேவியிடம் தொலைபேசியில் தெரிவித்தேன்.

"போர்யே கிட்ட சொல்லி நான் பாத்துக்கறேன். நீ உன் தோளைப் பாரு, மாய்" என்றாள்.

மனம் நெகிழ்ந்து நன்றி கூறினேன்.

வேலை முடிந்தது என்று கேள்விப்பட்டதும் எஞ்சினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தச்சர் போர்யேயின் கொட்டகைக்குச் சென்றேன். கருவாலி மரம் நேராக அறுக்கப்பட்டு, வார்னிஷ் பூசப்பட்டு மின்னியது. போர்யே எஞ்சினைத் தூக்கி மாட்டினார். தண்டின் நுனியில் நீரைத் தள்ளும் விசிறி படகின் அடிக்கட்டைக்கு வெகுகீழே தொங்கியது. சிறு அலை வந்தாலும் எஞ்சினின் தலை நனைந்துவிடும்.

"டீச்சரம்மா, இது நெட்டக்காலு எஞ்சின். குட்டக்காலுக்குத்தானே வெட்டச் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"குன்னேவியம்மாதான். எஞ்சினையே கொண்டாந்து மாட்டிப் பாத்தமே. அந்த…" அவர் நிறுத்திக்கொண்டார். "நான் பலகை அறுக்கிறவன், டீச்சரம்மா. யாரு எஞ்சினுன்னு கேக்கிறதில்ல."

கேட்கத் தேவையில்லை. புதிய மரத்தில் வேறோர் எஞ்சினின் திருகாணிகள் அழுந்திய இரண்டு வட்டத் தடங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. எங்கள் படகுத்துறையில் பச்சை எஞ்சின் ஹெல்கேயிடம் மட்டுமே உண்டு.

"வேணும்னா மேல ஒரு துண்டு வச்சு ஒசத்தித் தரேன்" என்றார் போர்யே, என்னைப் பாராமல்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? வேலை ரொம்ப நேர்த்தியா இருக்கு" என்றேன். அவ்வாறுதான் சொல்ல வந்தது.

அங்கிருந்து நேராகக் குன்னேவியின் வீட்டுக்குச் சென்றேன். காபி ஊற்றி, ஏலக்காய் ரொட்டியை வெட்டிவைத்த பிறகே அவள் வாய் திறந்தாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல, மாய்."

"தோளுக்காகத்தானே எஞ்சின் வாங்கினேன்."

"நீ எஞ்சின் ஓட்டினதே இல்லயே."

"கத்துக்குவேன்."

"அக்டோபர் கடல்ல நீ கத்துக்கிற வரைக்கும் நான் உக்காந்து நனையணுமா?" கத்தியை ரொட்டியின் மேலேயே வைத்துவிட்டாள். "ஹெல்கே ஒண்ணும் நாம நெனச்ச மாதிரி இல்ல."

படகில் பாதி என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அரைச் சாண் பலகையை அறுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"நான் அவனைப் பத்திப் பேசினதெல்லாம் அவன்கிட்ட சொன்னியா?"

அவள் மேசைமேல் சிந்தியிருந்த துகள்களை விரலால் ஒன்றுசேர்த்தாள்.

"எல்லாத்தையும் சொல்லல" என்றாள்.

காபிக்கு நன்றி கூறி எழுந்தேன்.

அக்டோபரில் ஒரு காலை, படகு என் வீட்டுக்கு எதிரே உள்ள பாறைத்திட்டைச் சுற்றிக்கொண்டு சென்றது. ஹெல்கே எஞ்சினின் கைப்பிடியைப் பற்றி அமர்ந்திருந்தான். எடையில் பின்பக்கம் தாழ்ந்து, அலை பலகையின் விளிம்புவரை ஏறி இறங்கியது. அவன் குனிந்து ஏதோ சொன்னான். குன்னேவி தலையைப் பின்னே சாய்த்தாள், தோள்கள் குலுங்கின. எஞ்சின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சன்னலிலிருந்து விலகவில்லை, கையையும் அசைக்கவில்லை.

இழந்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் அதிகமில்லை. அரைச் சாண் மரம். குளிர்காலத்துக்கு உப்பிட்டு வைக்கும் மீன். இந்த இலையுதிர்காலமும் இனி வருபவையும். அஞ்சாமல் எதையும் பேசுவதற்கு எனக்கிருந்த ஒரே ஆள்.