பின் சீட்டுக்கும் சேர்த்து

கிள்ளானில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க வாரம் தவறாமல் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாடகைக் காரில் போகிறவள் நான். கைப்பேசி ஆப்பில் கூப்பிட்டால் வரும் டிரைவர்களில் பாதிப் பேர், "முன்னால உட்காருங்க ஆன்டி. போலீஸ் கேட்டா என் பெரியம்மான்னு சொல்லிடுங்க" என்பார்கள். வாடகைக்கு ஆள் ஏற்றும் காருக்கு அதற்கென்று இன்சூரன்ஸ் சேர்த்து எடுக்க வேண்டும். இவர்கள் சொந்தக் கார் இன்சூரன்ஸிலேயே ஒப்பேற்றுகிறவர்கள். நானும் மறுத்ததில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு ஊர் முழுக்கத் தங்கை பிள்ளைகள்!

போன வருஷம் ஒரு நாள் வந்த வாணி மட்டும், "பின்னால உட்காருங்க ஆன்டி, பெல்ட் போடுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தபால் இலாகாவில் ஒரு கூட்டத்தையே அதட்டி வேலை வாங்கியவள் நான். என்னை அதட்ட ஒருத்தியா?

வழியில் பேச்சுக் கொடுத்தேன். சுங்கை வேயில் அவள் வேலை செய்த தொழிற்சாலை மூடிவிட்டதாம். இரண்டு பிள்ளைகள். புருஷன் இல்லை. இந்தக் கார் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இன்சூரன்ஸ் எடுக்க மூன்று ஏஜெண்டுகளைப் பார்த்தாளாம்.

"ரெண்டு பேரு மலிவா முடிச்சுத் தரேன்னாங்க. பேசஞ்சருக்கு அடிபட்டா என்னன்னு கேட்டேன். சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம்னாங்க. எழுந்து வந்துட்டேன் ஆன்டி. மூணாவது ஆள்கிட்டதான் எடுத்தேன்."

சரியான பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஷா ஆலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் வண்டிகள் நிற்க, வாணியும் நிறுத்தினாள். போர்ட் கிள்ளான் போகும் லோரி ஒன்று நிற்காமல் வந்து பின்னால் மோதியது. என் இடது மணிக்கட்டு முன் சீட்டில் இடித்து ஒடிந்தது. வழக்கம்போல் போலீசுக்கு முன்னால் இழுவை லோரிக்காரர்கள் வந்து மொய்த்துவிட்டார்கள்.

வாணி லோரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் என்னிடம் வந்தார். டிரைவர் உங்களுக்கு என்ன உறவு என்று மலாயில் கேட்டார். நாக்கு முந்திக்கொண்டது. "தங்கை மகள்" என்றேன். அதோடு விட்டேனா? பிறந்ததிலிருந்து நான்தான் தூக்கி வளர்த்தேன் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த வலியிலும் எனக்கு ஒரு பெருமை.

வாணி ஓடி வந்தாள். முதலில் கையைத்தான் பார்த்தாள். பிறகு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் ஆன்டி அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு உதவி செய்யத்தான்."

"நான்தான் ஒழுங்கா எடுத்து வச்சிருக்கேனே. ஆப்புல நீங்க பேசஞ்சர், ரிப்போர்ட்ல பெரியம்மா. பொய்க் கிளேம்னு நிறுத்திடுவாங்க. உங்க கை வைத்தியத்துக்கும் பணம் வராது, காருக்கும் வராது. அப்புறம் நான் எதை ஓட்டுறது?"

குரல் நடுங்கியதே தவிர, ஒரு கடுஞ்சொல் வரவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

நான் போலீஸ்காரரைக் கூப்பிட்டேன். "பொய் சொல்லிவிட்டேன். இந்தப் பெண்ணை இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். நான் பயணி" என்றேன்.

"இப்போதுதானே தூக்கி வளர்த்ததாகச் சொன்னீர்கள்?" என்றார் அவர்.

இழுவை லோரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் போயிற்று. எழுதியதை அவர் அடித்துத் திருத்தும் வரை நான் தலை நிமிரவில்லை. வாணி மட்டும் சிரிக்கவில்லை. என் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி ஆம்புலன்ஸ் வரும் வரை நின்றாள்.

கிளேம் கிடைத்தது. கார் பட்டறையிலிருந்து திரும்பியது. என் கைக்கான செலவும் அதிலேயே வந்துவிட்டது. அதைச் சொல்ல வாணி என் வீட்டுக்கே வந்தாள். கட்டுப் போட்ட கையோடு தேநீர் கலக்க விடாமல் அவளே கலக்கினாள்.

"கார் போயிடும்னு உனக்கு அவ்வளவு பயமா? அதுக்காகவா அத்தனை ஏஜெண்டைப் பிடிச்சு உலுக்கினே?" என்று சீண்டினேன்.

"கார் பயம் இல்லாம இருக்குமா ஆன்டி? ஆனா முதல்ல கேட்டது அதை இல்ல. எனக்கு ஒண்ணுன்னா அம்மா இருக்கு, அண்ணன் இருக்கான். பின்னால உட்கார்றவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. அவங்களுக்கு யாரு இருக்காங்களோ, இல்லையோ?"

அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. என் முகம்கூடத் தெரியாத நாளிலேயே ஒருத்தி எங்கோ ஒரு ஏஜெண்டின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எனக்காக வாதாடியிருக்கிறாள்.