'இரைச்சல்' என்பதற்கு நான் எழுதிய உதாரணம்

1. அனுப்புநர்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. பதுளையில் புத்தகக்கடை வைத்திருக்கும் மொஹிதீன், ஊடகக் கற்கை படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கையேடு போடுகிறார். கலைச்சொற்களுக்கு விளக்கமும் உதாரணமும் கேட்டார். முப்பது வருடமாகத் தொடர்கதையில் வாராவாரம் கதவுக்குப் பின்னால் யாரையாவது கத்தியோடு நிறுத்திவைத்துப் பிழைக்கிறவன் நான். "புள்ளைகள் படிக்கிறது. கொலை கிலை போட்டுராதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

'அனுப்புநர்: செய்தியைத் தொடக்கி வைப்பவர். உதாரணமாக, கம்சலா...'

அவ்வளவுதான். பெயர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

2. செய்தி

(முதல் தொடக்கம்: 'மலை மூச்சு விட்டது. அதன் பின்னால் யாரோ...' அடித்துவிட்டேன். மலைக்குப் பின்னால் யாருமில்லை. பழக்கதோஷம்.)

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மூன்றாம் நாளாக மழை. பகல் இரண்டு மணிக்கே மூடுபனி வாசல்வரை வந்து உட்கார்ந்திருந்தது. மேல் லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் விறகு எடுக்கப் போன கம்சலா, மண்ணில் ஒரு வெடிப்பைப் பார்த்தாள். கையை விட்டாள். முழங்கைவரை போனது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

ஓடிவந்து அம்மா விஜயலெட்சுமியிடம் சொன்னாள். அம்மா அசையவில்லை. போன வருடமும் இப்படித்தான் மண் சரியப்போகிறது என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் படுக்கவைத்தார்களாம். மலை சும்மா இருந்ததாம். திரும்பி வந்தால் ஏழு கோழியும் இல்லையாம். லயத்தில் பதினெட்டு வீடு. எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பதில்.

3. ஊடகம்

தோட்டம் முழுக்கக் கேட்பது கோயில் ஒலிபெருக்கி ஒன்றுதான். திருவிழா இல்லாத நாளில் அது கரகரத்தால் ஒரே அர்த்தம்: எழவு. முதலில் வருகிற பெயர் போனவருடையது. சாவி கோயில் தலைவர் தர்மலிங்கத்திடம். கம்சலா போய்க் கேட்டாள்.

"யாரு போயிட்டாங்க?" என்றார்.

"இன்னும் யாரும் போகலைங்க. போயிறக் கூடாதுன்னுதான்."

[மொஹிதீனுக்கு: செய்தியை வழியில் மறிக்கும் 'வாயிற்காவலர்' என்ற சொல்லுக்கு இவரைத்தான் உதாரணமாக வைத்திருந்தேன். மனிதர் சாவியைக் கொடுத்துவிட்டார். வேறு ஆள் தேட வேண்டும்.]

4. இரைச்சல்

பேசுவது யார் என்று முதலில் சொல்ல வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் அவள் படித்த பாடம். "மேல் லயத்து விஜயலெட்சுமி..." என்று தொடங்கினாள். 'மகள் கம்சலா பேசுறேன்' என்று முடிப்பதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது.

அந்தப் பெயர் மட்டும் பனிக்குள் தனியாக நடந்து, ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சேர்ந்தது.

5. பெறுநர்

கீழ் லயங்களிலிருந்தும் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்தும் குடைகள் முளைத்தன. எல்லாம் மேல் லயத்தை நோக்கி. கோயில் படியில் நின்ற கம்சலாவுக்குப் புரிந்தது. பதினெட்டு வீட்டை வெளியேற்றப் போனவள், வெடிப்புக்கு நேர் கீழே இன்னும் அறுபது பேரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

(இந்த இடத்தில் நிறுத்தி, ஒரு வாரம் உங்களைத் தவிக்கவிடுவதுதான் என் தொழில். இன்று முடியவில்லை. அறுபது பேர் நிற்கிறார்கள்.)

ஒப்பாரியோடு முதலில் நுழைந்த அங்கம்மா, சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த விஜயலெட்சுமியைக் கண்டு நின்றாள்.

"அடியே, நீ சாகலையா?"

"இன்னும் ஒலையே வைக்கல. அதுக்கப்புறம்தான் சாகணும். ஒக்காரு."

மூச்சிரைக்க வந்த கம்சலா விஷயத்தைச் சொன்னாள். அறைக்குள் இருந்த நாலு பேருக்குத்தான் கேட்டது. வெளியே பனியில் நின்றவர்களுக்கு இது இன்னும் எழவு வீடு. எழவு வீட்டிலிருந்து உடல் புறப்படுமுன் யாரும் கிளம்புவதில்லை.

விஜயலெட்சுமி மகளின் கையைப் பார்த்தாள். முழங்கைவரை சேறு. வாசலைப் பார்த்தாள். குடைக்கு மேல் குடை. சுளகைக் கீழே வைத்தாள்.

"பொணம் கெளம்பாம ஒருத்தரும் போக மாட்டாங்க. வா, நான் கெளம்புறேன்."

6. பின்னூட்டல்

அவள் முன்னே நடந்தாள். பின்னால் குடைகள். ஊர்வலம் கடக்கும்போது யார் வீட்டுக்குள் இருப்பார்கள்? பதினெட்டு வாசலும் காலியாயின. பனியில் கால்கள் தெரியவில்லை. குடைகள் மட்டும் மிதந்து எதிர்மேட்டுப் பள்ளிக்கூடப் பக்கம் ஏறின. அங்கம்மா ஒப்பாரியை நிறுத்த மறந்துபோனாள். மூன்று தம்பிமாரைத் தவிக்கவிட்டுப் போனாயே என்று அவள் இழுத்தபோது, போனவளே திரும்பி, "ரெண்டு தம்பிதான்டி" என்றாள்.

இனி முடிவு. ஒன்று: மலை இறங்குகிறது. வெற்று லயம் மண்ணுக்குள் போகிறது. கம்சலா சொன்னது சரியாகிறது. இரண்டு: மலை சும்மா இருக்கிறது. தோட்டமே அவளைக் கேலி செய்கிறது. அடுத்த முறை ஒலிபெருக்கி கரகரத்தால்...

என் கை முதல் முடிவுக்குத்தான் ஓடியது. ஆனால் அவளைச் சரியாக்க நான் பதினெட்டு வீட்டை நசுக்க வேண்டும். அந்தச் சுளகையும். பள்ளிக்கூட வராந்தாவில் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்த கம்சலாவிடமே கேட்டேன்.

"மலைய எறக்காதீங்க சேர். பேச்சு வாங்கிக்கிறேன்."

அடுத்த தடவை யாரும் வரமாட்டார்களே என்றேன்.

அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "மறுபடி சாகச் சொல்றேன்."

பேனாவை மூடிவிட்டேன். மழை விடவில்லை. மலை இப்போது உங்கள் கையில் இருக்கிறது, மெல்லப் பிடியுங்கள்.